கழுவக் கூடாத தொட்டி

ஹெல்காவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. இலை உதிரும்போது அப்பாவைப் புதைத்தாள். ஏரியில் பனிக்கட்டி இளகும்போது அம்மாவை. இரண்டு பேரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். இப்போது வீட்டைக் காலி செய்து கொடுக்கும் வேலை பாக்கி. அதற்காக ஹெல்சிங்கியிலிருந்து தம்பி தார்மோ வந்திருந்தான். வந்ததிலிருந்து உட்காரவில்லை, கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துக் கழுவினான்.

படகு அவனுக்கு, அம்மா கறுப்பு ரொட்டிக்கு மாவு புளிக்கவைக்கும் மரத்தொட்டி அவளுக்கு என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். வேறெதுவும் வேண்டாம் என்றுவிட்டாள் ஹெல்கா. அந்தத் தொட்டியைக் கழுவும் வழக்கமில்லை. ஓரத்தில் ஒட்டிய மாவு அப்படியே காய்ந்து கிடக்கும். அடுத்த முறை புது மாவைப் புளிக்கவைப்பது அதுதான். அம்மா கடைசியாகப் பிசைந்த மாவும் அதில் ஒட்டியிருந்தது.

மெத்தைகளை இறக்கிவிட்டு அவள் முற்றத்துக்கு வந்தாள். சாவுனா என்கிற நீராவிக் குளியலறையின் வாசலில், வெயிலில், தொட்டி வெள்ளை வெளேரென்று கவிழ்ந்திருந்தது. சோப்பு வாசனை மூக்கைத் துளைத்தது.

"எப்படி இருக்கு, அக்கா? அத்தனை வருஷத்து அழுக்கு! சுரண்டிச் சுரண்டி என் நகமே போச்சு."

ஹெல்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது அழுக்கில்லடா. அம்மாவோட மாவு."

தார்மோவின் முகம் செத்துப்போனது.

"நீயும் இந்த வீட்டுலதானே வளர்ந்தே? அடுப்படியை எட்டிப் பார்த்ததே இல்லையா?"

"தின்னத்தான் வந்திருக்கேன்." நகத்தைப் பார்த்தபடி, "கை சும்மா இருந்தா என்னால இங்க இருக்க முடியலக்கா. திட்டிடேன்."

"திட்ட உடம்புல என்னடா இருக்கு?"

அவன் காரிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையோடு வந்தான். உள்ளே அரை ரொட்டி, உறைந்து கல்லாக.

"ஃப்ரீஸர்ல கிடந்துச்சு. அம்மா சுட்டது. உன்கிட்ட சொல்லாம ஒளிச்சு வெச்சேன்."

"திருட்டுப்பயலே."

"கிறிஸ்துமஸுக்குத் தின்னலாம்னுதான்."

ஹெல்கா அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "இதை மாவோட ஊறப்போட்டா மரத்துல மிச்சமிருக்கிற புளிப்பு எழும்பும், தொட்டி பிழைச்சாலும் பிழைக்கும். பிழைக்கலைன்னா இதுவும் போச்சு."

"ஒரே ஒரு வாய் தின்னலாமாக்கா?"

இளகியதும் மேலோட்டில் கொஞ்சம் பிட்டு இரண்டாக்கினாள். இருவரும் மென்று தின்றார்கள். மிச்சத்தை உதிர்த்துத் தொட்டியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் மாவும் கலந்து, துணி போட்டு மூடினாள்.

மறுநாள் சோப்பு வாசனைதான் வந்தது. தார்மோ அங்குமிங்கும் நடந்தான், எதையும் கழுவவில்லை. அதற்கும் அடுத்த நாள் காலை துணியைத் தூக்கியபோது ஒரு குமிழி மெல்ல எழும்பி உடைந்தது.

"அக்கா?"

"புளிக்குதுடா." சந்தோஷப்படவும் அவளுக்கு அலுப்பாக இருந்தது. "நீ பிசை. என் தோள் விட்டுப்போச்சு."

முழங்கை வரை மாவோடு பிசைந்து முடித்தவன், குழாயடிக்குப் போய் நின்றுவிட்டான்.

"கையைக் கழுவலாமாக்கா?"

"முதல்ல தொட்டியில வழிச்சு விடு."

திரும்பி வந்து, விரல் விரலாக, தொட்டியின் ஓரத்தில் வழித்தான்.