செல்லதுரை சார் நிமிர்த்திய ஆண்டெனா

வைவா தேர்வன்று காலை லேபுக்குள் நுழைந்ததும் முதலில் மேசையைப் பார்த்தேன். அதன்மேல் என் ஆண்டெனா நேராக நின்றுகொண்டிருந்தது. அது நேராக இருக்கவே கூடாது.

2006. பெரம்பலூர் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் எனக்குக் கடைசி வருஷம். சின்ன செயற்கைக்கோளுக்கு ஆண்டெனா செய்வது என் ப்ராஜெக்ட். வடிவத்தை நான் போடவில்லை, கம்ப்யூட்டர் போட்டது. கண்டபடி வளைந்த கம்பிகளை அதுவே உருவாக்கும். சிக்னல் நன்றாக வாங்குபவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்கும். வைத்தவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். எங்கள் ஊர் பூலாம்பாடியில் என் அப்பா நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்துவைப்பாரே, அதே வேலைதான். வாரக்கணக்கில் ஓடி, எந்த மனுஷனுக்கும் தோன்றாத ஒரு கோணல் வடிவம் வந்தது. இப்படிப் பிறந்த ஆண்டெனாக்களை அந்த மார்ச்சில்தான் அமெரிக்காவில் விண்ணுக்கே அனுப்பியிருந்தார்கள்.

"யாரு இதத் தொட்டது?" என்றேன்.

துறைத் தலைவர் செல்லதுரை சார் சிரித்துக்கொண்டே வந்தார். "நான்தாம்மா லீலாவதி. மாடு மிதிச்ச முள்கம்பி கணக்கா கெடந்துச்சு. திருச்சிலேருந்து எக்ஸாமினர் வராரு, பாத்தா என்ன நெனப்பாரு? நிமித்தி வச்சேன்."

"கோணலா இருந்தாத்தான் சார் அது வேலை செய்யும்."

"எந்த வூட்டு மாடியிலயாவது கோணலா ஆண்டெனா பாத்திருக்கியா?"

இவரிடம்தான் நான் ஆண்டெனா பாடம் படித்தேன். நினைக்க நினைக்க ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

எக்ஸாமினர் வந்து உட்கார்ந்தார். இணைத்துக் காட்டினேன். மீட்டர் முள் அசையவில்லை. அசையாவிட்டால் நான் ஃபெயில், டிகிரிக்கு இன்னும் ஒரு வருஷம்.

"நான் அப்பவே சொன்னேன் சார், பொண்ணு கேக்கல" என்றார் செல்லதுரை சார். கொஞ்சம்கூட நாக்கு கூசவில்லை.

என் இன்டர்னல் மார்க் அவர் கையில்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இவருதான் சார் காலையில இத நிமித்திட்டாரு. திரும்ப வளைக்க நேரம் குடுங்க."

எக்ஸாமினர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையசைத்தார். கம்ப்யூட்டர் கொடுத்த அளவுத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பிளையரால் ஒவ்வொரு வளைவாகத் திருப்பிப் போட்டேன். மறுபடி இணைத்ததும் முள் ஏறியது. ஏறி அங்கேயே நின்றது. எக்ஸாமினர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"எங்க டிபார்ட்மென்ட்ல இந்த மாதிரி புதுமைக்கெல்லாம் நல்ல ஊக்கம் குடுப்போம் சார்" என்றார் செல்லதுரை சார்.

மார்க் போட்டுவிட்டு எக்ஸாமினர் கிளம்பினார். நான் ஆண்டெனாவைக் கழற்றிப் பையில் வைக்கப்போனேன்.

"அத இங்க குடுத்துட்டுப் போம்மா. ஷோகேஸ்ல வைப்போம். கீழ என் பேரையும் சேத்து எழுதிருவோம்."

பிளையரை மறுபடி எடுத்தேன். அவர் கண்முன்னாலேயே ஒவ்வொரு வளைவையும் நிமிர்த்தினேன். நேராக்கிய கம்பியை அவர் கையில் கொடுத்தேன்.

"இப்ப இதுல உங்க வேலை மட்டும்தான் இருக்கு சார். உங்க பேர மட்டும் எழுதிக்கங்க."