ஞாயிற்றுக்கிழமைப் பொட்டு

புருஷன் இருந்தவரைக்கும் பவுனம்மாள் இவ்வளவு பெரிய பொட்டு வைத்துக்கொண்டதில்லை. ராஜரத்தினம் உயிரோடு இருந்த காலத்தில் அவள் நெற்றியில் இருந்தது சின்னதாக ஒரு ஒட்டுப்பொட்டு. அதுவும் அடுப்படி வேர்வையில் பாதி நாள் புருவத்துக்கு இறங்கிவிடும். அவர் போன பிறகுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், குங்குமத்தைக் குழைத்துக் காலணா அகலத்துக்கு வைத்துக்கொள்கிறாள். தலையில் மல்லிகைச் சரம். கழுத்தில், கழற்றிப் பாலில் போட்டு எடுத்துவைத்த அதே தாலி. பர்மாவில், இந்தத் தாகேதாப் பேட்டையில் ஒரு விதவை இப்படிச் செய்கிறாள் என்று கோயில் பக்கம் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும், ஒரு மாதத்துக்கு வேறு பேச்சு இருக்காது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் கண்ணாடி முன்னால் உட்காருவாள்.

இத்தனை அலங்காரமும் ஸ்பெயினில் வலென்சியா என்கிற ஊரில் படிக்கிற மகன் உதயசூரியன் பார்க்க வேண்டும் என்பதற்காக. வாரத்துக்கு ஒரு நாள் அவன் போனில் முகம் பார்த்துப் பேசுவான். அப்பா செத்துப்போனது அவனுக்குத் தெரியக் கூடாது.

தெரிந்தால் கிளம்பி வந்துவிடுவான். வந்தால் திரும்பிப் போக முடியாது. அவன் வயசுப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிற காலம் இது. இப்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகவும் விடுவதில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்குச் சீட்டுக் குலுக்கலில் பேர் விழுந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவனிடமிருந்து போன் வந்து நாளாகிவிட்டது. அவன் அம்மா சந்தைக்கு வந்தால் எதை வாங்க வந்தோம் என்று மறந்துபோய் நிற்பாள். அந்தக் கோலத்தைப் பார்த்தவளுக்குப் பொட்டு வைத்துக்கொள்வதா பெரிய பாவம்?

போதாததற்கு ராஜரத்தினம் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகனை விமானம் ஏற்றிவிட வந்த இடத்தில், அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, பவுனம்மாளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்தா பவுனு, இனிமே நான் செத்தாக்கூட இவனை வரச் சொல்லிடாதே."

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்க" என்று அவள் அதட்டினாள். மனுஷன் சொன்னதைச் செய்து காட்டிவிட்டார். தண்ணீர்த் திருவிழா முடிந்த அடுத்த வாரம், தெருமுனை டீக்கடையில் லபெயே என்கிற பால்டீ குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைக்கும்போதே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் தம்பி முரளிதரன்தான் கொள்ளி வைத்தார். பாடையைத் தூக்கும்போது கூட்டத்தில் யாரோ, "பெத்த பிள்ளை குத்துக்கல்லு மாதிரி இருக்கறப்போ தம்பி கையால நெருப்பா" என்றார்கள். அது பவுனம்மாள் காதில் விழுந்தது. அன்றைக்கே தாலியைக் கழற்றினார்கள், வளையலை உடைத்தார்கள், நெற்றியை அழித்தார்கள். எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து கொடுத்தாள். எல்லாரும் போன பிறகு மகள் கலாவைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை உங்கண்ணன் கூப்பிடுவான். மூச்சு விட்டே, கொன்னுடுவேன்" என்றாள்.

கலா லைங் தாயாவில் துணி ஃபேக்டரியில் தைக்கிறவள். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. வீட்டில் போன் விவகாரம் முழுக்க அவள் பொறுப்பு. வி.பி.என். போடுவது, கரண்ட் இல்லாவிட்டால் டீக்கடை பேட்டரியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது, பேசும்போது அம்மா முகம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வது, எல்லாம் அவள்தான். அன்றைக்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை உதயசூரியன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "அப்பா எங்கம்மா?"

"பெகுவுக்குப் போயிருக்காரு ராசா, கோயில் வேலையா. ரெண்டு நாளாகும்."

அடுத்த வாரமும் கேட்டான். தூங்குகிறார், எழுப்பவா என்றாள். எழுப்ப வேண்டாம் என்றான். அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகு அவன் ஊர்க்கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அங்கே மத்தியானச் சாப்பாடே மூன்று மணிக்குத்தானாம். ஞாயிற்றுக்கிழமை கடைகளையெல்லாம் மூடிவிடுவார்கள், சனிக்கிழமையே முட்டை வாங்கி வைக்காவிட்டால் பட்டினிதானாம். அறையில் அவனோடு இருக்கிற கொலம்பியாப் பையன் ஆந்த்ரேஸ், துணி துவைக்கிற மிஷினோடு சேர்ந்து பாடுகிறானாம். வாத்தியார்களை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம்.

"எனக்கு வாய் வரமாட்டேங்குதும்மா. பழக்கதோஷத்துல நம்மூர் வாத்தியாரைக் கூப்பிடற மாதிரி 'சயா'ன்னுட்டேன். இப்ப வகுப்பே அவரை சயான்னுதான் கூப்பிடுது. அவரும் திரும்பிப் பாக்கறாரு."

சோற்றுக்கதையும் சொன்னான். இங்கே அகலமான தட்டுச் சட்டியில் சோற்றைப் பரப்பி, வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுகிறார்கள், அந்தத் தீய்ந்த சோற்றுக்குத்தான் போட்டி என்றான்.

"அடிப்பிடிச்ச சோறா? உங்கப்பா அங்க பொறந்திருக்க வேண்டிய ஆளு" என்றாள் பவுனம்மாள். ராஜரத்தினம் பானையைச் சுரண்டித் தின்கிற ஜாதி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, அதற்குள் லைன் போய்விட்டது. பொட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு, தாலியைக் கழற்றி டப்பாவில் வைத்து, பூவை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

எதிர் வீட்டு டோ கின் மியா ஒருத்திக்கு மட்டும் இந்த வேஷம் தெரிந்தது. ஒரு ஞாயிறு வெங்காயம் கேட்டுப் பின்பக்கமாக வந்தவள், பூவும் பொட்டுமாக நின்றவளைப் பார்த்துவிட்டாள். பவுனம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். அந்த அம்மாவும் புருஷனை இழந்தவள்தான், கொண்டையில் எப்போதும் ஒரு பூ இருக்கும்.

"அழகாய் இருக்கிறாய் மா பவுன். எதற்குக் கதவைச் சாத்துகிறாய்?" என்று பர்மா பாஷையில் கேட்டாள்.

"எங்கள் வழக்கத்தில் இது கூடாது" என்றாள் பவுனம்மாள்.

"பூ செடியில் பூக்கிறது. அதற்கும் புருஷனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தோடு போய்விட்டாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள் மகராசி. இங்கே ஒரு பூவுக்குள் ஒரு உயிரை அல்லவா ஒளித்து வைத்திருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு உதயசூரியன் தலையில் தொப்பியோடு வந்தான். அன்றைக்கு அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. பரீட்சை வருகிறது, வெயில் ஜாஸ்தி, சாப்பிட்டேன், தூங்கினேன் என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிறவனைப் போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பொய் சொல்கிற வேலை மிச்சம் என்று பவுனம்மாள் நினைத்தாள். அடுத்த வாரமும் தொப்பி, அன்றைக்கும் அவன் கேட்கவில்லை. இப்போது அவளுக்குச் சுருக்கென்றது. அதற்கடுத்த வாரமும் அவன் வாயில் அப்பா என்கிற சொல்லே வராமல் போனபோது, போனை வைத்த கையோடு மகளிடம் பாய்ந்தாள்.

"பார்த்தியாடி? ஒரு வார்த்தை கேட்டானா? உங்கப்பா அந்த மனுஷன் கால் தேய அலைஞ்சு அவனை அனுப்பினாரு. மூணு மாசம் தாண்டலை, அங்க போய்ச் சீமைத் தண்ணியைக் குடிச்சதும் அப்பனை மறந்துபோயிட்டான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க."

"அண்ணனைத் திட்டாதம்மா" என்றாள் கலா.

"திட்டாம? கொஞ்சவா? தொப்பி கேக்குது தொப்பி, வீட்டுக்குள்ள."

கலா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தேய்த்த சட்டியையே தேய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் பவுனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் செத்ததுகூட ஒரு பக்கம். பிள்ளையின் மனசில் அவர் ஒரு கேள்வியாகக்கூட மிஞ்சவில்லை என்பது, அவரை இரண்டாம் தடவை பாடையில் தூக்கினாற்போல அவளை அறுத்தது. அவன் கேட்க வேண்டும். அவள் பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யில்தான் அவர் வாரத்துக்கு ஒரு நாளாவது பெகுவில் இருந்தார், கட்டிலில் படுத்துத் தூங்கினார்.

ஞாயிறு வந்தது. மழை தொடங்கிவிட்டிருந்தது, கரண்ட் இல்லை. கலா சார்ஜ் ஏற்றின போனோடு நனைந்துகொண்டு வந்தாள். பவுனம்மாள் நல்ல சேலையைக் கட்டி, பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்து, தாலியை வெளியே தெரிகிறாற்போல எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் மகன் வந்தான், தொப்பியோடு.

"சாப்பிட்டியாம்மா?"

"நான் சாப்பிட்டது கிடக்கட்டும். ஏண்டா, உன்னைப் பெத்தவரு ஒருத்தரு இருக்காரே, ஞாபகம் இருக்கா?"

அவன் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று கலாவைப் பார்த்தாள். படம் நிற்கவில்லை. அவன் கை தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டது.

"அப்பா எப்படி இருக்காரும்மா?" என்றான். கேட்கச் சொன்னதற்காகக் கேட்கிற குரல்.

"கேட்டுட்டியா? இருக்காரு, நல்லா இருக்காரு. அந்தத் தொப்பியைக் கழட்டு முதல்ல. உன் முகத்தை நேராப் பாத்து எத்தனை நாளாச்சு."

"வேணாம்மா."

"கழட்டுடா."

அவன் கழற்றினான்.

அடர்த்தியான சுருட்டை முடி அவனுக்கு. அப்பனைக் கொண்டது. அது போய், தலை முழுக்கக் கட்டைமுடி முளைத்தும் முளையாமல் நின்றது. அப்பன் செத்துப் பதினாறு கழித்த பிள்ளைகளின் தலையை அவள் இந்தத் தெருவில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஒரு மாதம் ஆனால் சரியாக இப்படித்தான் இருக்கும். அவள் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது.

"யாருடா சொன்னா? இவளா?"

"கலா அப்புறம்தான் சொன்னா, நானா கேட்டப்போ. முதல்ல சொன்னது நீதாம்மா." அவன் மூக்கை உறிஞ்சினான். "என்னிக்காவது பூ வெச்சுக்கிட்டு என்கிட்ட பேசியிருக்கியா நீ? லுங்கியும், கன்னத்துல தனகாப் பூச்சும், கையில கரண்டியுமா வந்து நிப்பே. பொட்டு இருக்கான்னுகூட தெரியாது. அன்னிக்குப் பார்த்தா, தாலியை வெளியில எடுத்துப் போட்டுக்கிட்டு சாமி மாதிரி உக்காந்திருக்கே. கையில ஒரு வளையல் இல்லை. பெகுன்னு நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பவுனம்மாள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், ஆறு வாரமாக. வளையல் ஞாபகமே வரவில்லை.

"இங்க கடல் இருக்கும்மா. பதினாறாம் நாள் ஆந்த்ரேஸ்தான் தலையை மழிச்சு விட்டான். ஏன்னு கேட்டான், சொன்னேன். அவன் அழுதுட்டான். சோறாக்கி எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமா போனோம். கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டேன், அப்பாவுக்குப் பிடிக்குமே. காக்கா ஒண்ணும் வரலை. ஏதோ வெள்ளையா கடல்பட்சி வந்துச்சு. அது தின்னா போதுமாம்மா? அப்பாவுக்குச் சேருமா?"

"சேரும் ராசா" என்றாள். "கண்டிப்பாச் சேரும்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல் என்று திட்டினாளே, அந்தப் பிள்ளை சொந்தபந்தம் யாரும் இல்லாமல், பாஷை தெரியாத ஊரில், யார் மடியிலும் விழுந்து அழாமல் இதையெல்லாம் செய்துவிட்டு, அம்மா பொய் கலைந்துவிடக் கூடாது என்று வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளே தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"நான் வரமாட்டேன், நீ பயப்படாதே" என்றான் அவன். "ஏர்போர்ட்ல அப்பா சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அதனாலதான் திரும்பிப் பாக்காம போனேன்."

கலா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனி யாருக்கு இந்த வேஷம்? பவுனம்மாள் பூவை எடுத்து மடியில் வைத்தாள். முந்தானையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"அழிக்காதம்மா."

முந்தானை பாதியில் நின்றது.

"இன்னிக்கு மட்டும் இருக்கட்டும். அந்த ரெண்டு வாரமும் எனக்குத் தெரியும்மா, தெரிஞ்சுதான் கேட்டேன். நீ பெகுன்னு சொல்லும்போது, தூங்கறாருன்னு சொல்லும்போது, ஒரு நிமிஷம் நெசமாவே இருந்தாரு. கடலுக்குப் போயிட்டு வந்தப்புறம் கேட்க வாய் வரலை."

பவுனம்மாள் கையை இறக்கிக்கொண்டாள். தகரக் கூரையில் மழை பலத்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, போன வருஷம் இதே வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான்.

"அப்பா எங்கம்மா?"

"பெகுவுக்குப் போயிருக்காரு ராசா" என்றாள். "வர நாளாகும்."