அடித்த வரிகளைக் கேட்டவள்

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. செவ்வாய்க்கிழமை மாலை என் நாத்தனார் தோள்பையைக்கூட இறக்காமல் வந்து, சமையலறை வாசலில் நின்றபடி, "அண்ணி, ஒரு பொண்ணோட படிப்பைக் கெடுத்துட்டேன்" என்றாள். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். அவள் முகம் வெளிறிக் கிடக்கிறது, எனக்கோ எழுதக் கை துறுதுறுக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

தொடக்கம் மட்டும் எத்தனையோ முறை எழுதினேன்.

[அடித்தது: இருளிலேயே பிறந்த அந்தப் பெண்ணின் விரல்களில்]

எந்த இருள்? அவளைக் கேட்டேனா நான்?

[அடித்தது: டீச்சர் தங்கமானவள். தங்கமானவர்கள் செய்யும் தவறு]

நாத்தனாரைக் காப்பாற்றப் பார்க்கிறேன். போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

2

அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பு. வகுப்பில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை, அதாவது ஸ்க்ரீன் ரீடரை, அவள் ஓட்டுகிற வேகத்தில் கேட்டால் நமக்குத் தகரக் கூரையில் மழை பெய்வது போல இருக்கும். அவளுக்கு ஒரு சொல் தப்பாது.

போன வாரம் வரைபடத் தேர்வு. மேடு மேடாக அச்சிட்ட தாளைத் தடவிப் பார்த்து விடை சொல்ல வேண்டும். எட்டுக் கேள்விக்கும் தப்பாகச் சொன்னாள். டீச்சருக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. மதிப்பீட்டுக் கோப்பில் தட்டிவிட்டாள்: "வரைபடக் கணக்கு இவளுக்கு எட்டாது. கணக்கை விட்டுவிட்டு வேறு பாடம் எடுப்பது நல்லது."

மறுநாள் பார்த்தால், அவளுக்குக் கொடுத்த தாள் மட்டும் இயந்திரத்தில் தலைகீழாகப் போயிருக்கிறது. அந்தத் தாளின்படி எட்டும் சரி.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். மதிப்பீட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது, பழைய வரியின் மேல் கோடு போட்டுவிட்டுக் கீழே புதியதை எழுத வேண்டும். ஒளிவுமறைவு இருக்கக் கூடாதாம். டீச்சர் அப்படியே செய்தாள். கீழே, "தாள் பிழை. எட்டும் சரி. கணக்கில் இவளை மிஞ்ச ஆளில்லை" என்று எழுதி, கோப்பை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

3

ஸ்க்ரீன் ரீடர் எழுத்தைப் படிக்கும். அதன் மேல் போட்ட கோட்டைச் சொல்லாது. (சொல்லவும் வைக்கலாம், அமைப்பை மாற்ற வேண்டும். அங்கே யாருக்கும் அது தோன்றவில்லை. கோடு போட்டவர்கள் எல்லாருக்கும் கண் தெரியும்.)

எக்ஸ்பிரஸ் முதல் இரண்டு வரியைக் கேட்டாள். மூன்றாவதற்குப் போகவில்லை. நீங்களாக இருந்தால் போவீர்களா? ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, நேரே அலுவலகத்துக்குப் போய், கணக்கை விடுவதாகப் படிவம் கொடுத்துவிட்டாள்.

டீச்சர் அவளை நடைவழியில் பிடித்தாள்.

"அது அடிச்ச வரிம்மா! மேல கோடு போட்டிருந்தேன்!"

"கோடா? எனக்கு அப்படி எதுவும் சொல்லலையே மிஸ்."

"அப்போ... மூணு வருஷமா நான் அடிச்சது எல்லாம்?"

"எல்லாம் கேட்டேனே. சோம்பேறி, வீட்டுல கவனிக்க ஆளில்ல, எல்லாம். முதல்ல திட்டிட்டு அப்புறம் பாராட்டுவீங்க. அது உங்க குணம்னு நினைச்சேன். இந்தத் தடவை பாராட்டு வர்ற வரைக்கும் இருக்க முடியல."



வெள்ளிக்கிழமை நாலு மணி வரை படிவத்தைத் திரும்ப வாங்கலாம். அப்பாவோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன் மிஸ்" என்று போய்விட்டாள்.

4

கதைக்கு முடிவு வேண்டுமே.

[அடித்தது: அவள் படிவத்தைக் கிழித்தெறிந்தாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு]

சினிமா.

[அடித்தது: "கண்ணு தெரியாத புள்ளைக்குக் கணக்கு எதுக்கு? கல்யாணம் பண்ணிக் கொடுக்கவா போறோம், மூலையில உட்காரட்டும்" என்றார் அவள் அப்பா.]

அந்த மனிதரை நான் பார்த்தது கூட இல்லை. கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான், அவ்வளவுதான். உடனே அடித்துவிட்டேன்.

வியாழன் இரவுக்குள் பாதிக் கதை தயார். அவளைப் பற்றியது, அவளிடம் கேட்காமல் வெளியிடுவது முறையில்லை என்று இன்று காலை கோப்பை அவளுக்கு அனுப்பினேன்.

5

ஆமாம், அனுப்பினேன். மூன்றாம் பகுதியை எழுதிய அதே கையால். நீங்கள் படிக்கும் இந்தப் பிரதியில்தான் 'அடித்தது' என்ற சொல் இருக்கிறது. அவளுக்குப் போனதில் வெறும் கோடுதான், நடுவில் நான் சொல்லும் இந்த விளக்கம் எதுவும் இல்லை.

மூன்று நாற்பதுக்கு அவளிடமிருந்து குரல் செய்தி. எக்ஸ்பிரஸ் இவ்வளவு மெதுவாகப் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"ஆன்ட்டி, எங்கப்பா அப்படியா சொன்னாரு? உங்ககிட்டயா சொன்னாரு, மிஸ்கிட்டயா?"

உடனே அழைத்தேன். அணைத்து வைத்திருக்கிறாள். நாத்தனாரை அழைத்தேன்.

"அவ அப்பாவைக் கூட்டிட்டு ஸ்கூல் ஆபீஸ் ரூமுக்கு வந்திருக்கா அண்ணி. கதவு சாத்தியிருக்கு. உள்ள அவர்கிட்ட ஏதோ கேட்டுட்டே இருக்கா, அவரு 'யாரும்மா சொன்னது, யாரு சொன்னது'ன்னு திரும்பத் திரும்பக் கேக்குறாரு. என்ன நடக்குது?"

"கதவைத் தட்டு. அண்ணி எழுதினது பொய்னு சொல்லு" என்றேன். "சத்தமா சொல்லு."

மணி மூன்று ஐம்பது. தட்டும் சத்தம் கேட்கிறது. இன்னும் திறக்கவில்லை. முடிவு எழுதுங்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்கள் வேண்டுமானால் ஒன்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தயவுசெய்து எழுதி வைக்காதீர்கள். எழுதினால் அவளுக்குக் கேட்கும்.