இரண்டு தட்டு

அவன் முதுகில் என் வலது கை இரண்டு முறை தட்டுகிறது, வியர்வையில் சளப் சளப்பென்று எனக்கே கேட்கிறது, கூண்டின் கம்பிவலை என் கன்னத்தில் பதிந்திருக்கிறது, அவன் கை என் கழுத்தைச் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான், ரீகன் சட்டென்று என்னை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்குகிறான், ஜெயித்துவிட்டானாம், என்னத்தை ஜெயித்தான், நான் எங்கே தோற்றேன். கூண்டுச் சண்டையில் எதிராளியைத் தட்டினால் சரணடைந்தேன் என்று அர்த்தம், அது எனக்கும் தெரியும், ஆனால் காசிமேட்டில் எங்கள் பாக்ஸிங் கிளப்பில், கயிறு கட்டிய பழைய ரிங்கில், இருவர் ஒருவரையொருவர் பிடித்துச் சிக்கிக்கொண்டால் முதுகில் இரண்டு தட்டு தட்டுவோம், விடு, விலகி நின்று மறுபடி குத்தலாம் என்று அர்த்தம், பல்லுக்குக் கவசம் மாட்டிய வாயால் எப்படிப் பேசுவது, அதனால் வந்த பழக்கம், சின்ன வயதிலிருந்து ரீகனும் நானும் ஒருவர் முதுகில் ஒருவர் எவ்வளவு தட்டியிருப்போம், என் கை மறக்காததை அவன் முதுகு மட்டும் மறந்துவிடுமா.

எல்லாம் இந்த எம்எம்ஏ வந்து கெடுத்தது, குத்து, உதை, மல்லுக்கட்டு, கழுத்து நெரிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிண்டிய கூத்து, முதலில் பையன்கள் செல்போனில் பார்த்தார்கள், பிறகு ஸ்கிப்பிங் கயிற்றைப் போட்டுவிட்டுத் தரையில் புரண்டார்கள், பிறகு ரீகன் எங்கள் ரிங்கைப் பிரித்துப் போட்டு அதே இடத்தில் கூண்டை நிறுத்தினான், ரிங்கு சண்டைய இப்ப எவன் மச்சான் பாக்குறான், தெகிரியம் இருந்தா உள்ள வா, நீ ஜெயிச்சா கூண்டத் தூக்கிட்டு ரிங்கையே கட்டிடறேன் என்றான், அதற்காகத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை.

நடுவர் காது கொடுக்கவில்லை, கூட்டம் ஊளையிடுகிறது, டேய், அது கிளப்புத் தட்டுன்னு உனக்குத் தெரியாதா, அவங்களாண்ட சொல்லுடா என்று கத்துகிறேன், அவன் கேமரா பக்கம் திரும்பிச் சிரிக்கிறான், கூண்டுக்குள்ள கூண்டு ரூல்தான் மச்சான். அன்றிலிருந்து டீக்கடையில் எவனாவது கிளாஸை இரண்டு முறை தட்டுகிறான், மற்றவர்கள் குனிந்து சிரிக்கிறார்கள், கனவில் ஊரே தட்டுகிறது, கதவை, தகரத்தை, என் நெற்றியை, விழித்துப் பார்த்தால் என் கைதான் பாயைத் தட்டிக்கொண்டிருக்கிறது, அந்தக் கையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதோ ரீகன் தங்கையின் கல்யாணம், போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள், போயிருக்கிறேன், கிளப்பில் இருந்தவர்கள் எல்லோரும் மேடையைச் சுற்றி நிற்கிறார்கள், ரெண்டு பேரும் கட்டிப் புடிங்கண்ணே என்கிறார் போட்டோக்காரர், ரீகன் கைகளை விரித்துக்கொண்டு வருகிறான், கட்டிக்கொள்கிறேன், படம் எடுத்தாயிற்று, நான் இன்னும் இறுக்குகிறேன், அவன் மூச்சு என் காதில் சூடாக முட்டுகிறது, அவன் கை என் முதுகில் இரண்டு முறை தட்டுகிறது, இது எந்தத் தட்டுடா, கிளப்பா கூண்டா, சத்தமா சொல்லு என்கிறேன், கிளப்புத் தட்டுதாண்டா, அன்னிக்கும் அதான், உட்றா என்கிறான், எல்லோருக்கும் கேட்டுவிட்டது, கேட்டு என்ன, ரிங் போனது போனதுதானே, அவன் மறுபடியும் தட்டுகிறான், நான் விடவில்லை.