மங்கம்மா வீட்டு யானைப் பல்

வேலிக்குக் குழி வெட்டும்போது இரண்டு யானைப் பற்கள் கிடைத்தன. காட்டுக்குள் இருந்த பயங்கரவாதிகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்று அந்த வருஷம் கோலா பிலாப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். குழி வெட்டிய நல்லசாமியும் முருகையாவும் ஆளுக்கொரு பல்லை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். முருகையா பெண்டாட்டி மங்கம்மாவிடம் போனது கொஞ்சம் பெரிசு. அதுதான் நல்லசாமி பெண்டாட்டி பஞ்சாலைக்குப் பொறுக்கவில்லை. குழாயடிப் பக்கத்து வீடு மங்கம்மாவுக்கு, ரப்பர்ப் பால் ஸ்டோரில் நிழலான இடமும் மங்கம்மாவுக்கு. பெரிய பல்லும் அவளுக்கேவா?

பூமியை ஆராய்கிற துரை ஒருவர் வந்து பார்த்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் தமிழில் விளக்கினார்.

"இது பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்த யானையாம். அது குடிச்ச தண்ணி பல்லுல தங்கியிருக்காம். அதுல கனமான ஆக்சிஜனும் இருக்கு, லேசானதும் இருக்கு. எது எவ்வளவுன்னு அளந்தா, அந்தக் காலத்துல மழை கூடவா, வெயில் கூடவான்னு தெரியுமாம். சிப்பிய வச்சுப் பாத்துட்டாங்க, பல்ல இனிமேதான் பாக்கணும்லா. அடுத்த வாரம் நல்லதா ஒண்ணு சீமைக்கு எடுத்துட்டுப் போவாரு. கண்டெடுத்தவன் பேரையும் எழுதி வைப்பாராம்."

நல்லசாமி பேர் சீமைக்குப் போகவேண்டும். பஞ்சாலைக்கு அதற்குமேல் வேறு நினைப்பே இல்லை. நல்லது என்றால் சுத்தமானதுதானே? ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டை ஸ்டோரிலிருந்து தகர டப்பாவில் கொண்டுவந்து பல்லை ஊறப்போட்டாள். அழுக்கெல்லாம் நுரைத்துக் கழன்று, தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளுத்துவிட்டது. அதோடு சும்மா இருந்தாளா? மங்கம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"எதுல கழுவுன?"

"எல்லாம் கைவேலைதான்லா."

மங்கம்மா பல்லை மோந்து பார்த்தாள். ஸ்டோரில் வேலை செய்கிறவளுக்கு அந்த வாடை தெரியாதா? திருப்பிக் கொடுத்தாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்த பஞ்சாலைக்கு அன்று ரேஷன் சோறுகூட இனித்தது.

துரை வந்தார். பஞ்சாலை நீட்டியதைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஆசிட்டுல போட்டியா?" என்றார் கிராணி. "மேலோடெல்லாம் அரிச்சுப்போச்சாம். இனிமே அளந்தாலும் நம்ப முடியாதாம். வேணாங்கறாரு."

பஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. முருகையா பேர்தான் போகப்போகிறது. மண் அப்பிய அந்தப் பல்தான் ஜெயிக்கப்போகிறது. கூட்டத்தில் மங்கம்மாவைத் தேடினாள். துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் எல்லாருக்கும் பின்னால் நின்றாள்.

"ஒன்னோடதக் காட்டும்மா," என்றார் கிராணி.

மங்கம்மா தயங்கித் தயங்கி மூட்டையை அவிழ்த்தாள். துரை கண்ணை மூடிக்கொண்டார்.

பஞ்சாலைக்கு அப்போதுதான் அழுகையே வந்தது. மங்கம்மாவின் பல் தன்னுடையதைவிட வெளுப்பாக இருந்தது.