பிறந்த வீட்டுத் தடம்

பூவாத்தாளுக்குக் கல்யாணமாகி மூன்று வருசம். பிறந்த வீட்டுக்குப் போனது இரண்டே முறை. சோமனூரிலிருந்து பல்லடம் தாண்டி, இன்னும் தெற்கே போக வேண்டும். அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு. அவனுக்கோ உழவு இருக்கும். உழவு இல்லாவிட்டால் மாட்டுக்குக் காலில் ஏதாவது வந்து தொலையும். அம்மா நினைப்பு வரும்போதெல்லாம் அவள் அந்த மாட்டைத்தான் திட்டுவாள், பாவம்.

முப்பத்திநாலாம் வருசம் தை மாசம் அவள் புருசன் ஆறுச்சாமி ஒரு சீமைச் சைக்கிள் வாங்கினான். வாங்கிய மனுசன் சும்மா இருப்பானா?

"வண்டி எதுக்கு அம்மணி? பின்னால கேரியர்ல உக்காரு. இட்டேரியிலயே போயிரலாம்" என்றான்.

தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு ஊர் ஊராக நீளும் வண்டித்தடம்தான் இட்டேரி. அதில் பல்லடம் வரைக்கும் கூடத் தான் போனதில்லை என்பதை மட்டும் ஐயா சொல்லவில்லை.

மாமியார் சாமியாத்தாள் குதித்தாள். "பொம்பளை சைக்கிள்ல போறதா? சனம் பார்த்தா என்ன பேசும்?" மகன் கெஞ்சிக் கூத்தாடினான். கடைசியில் மருமகளைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாள்: ஆளில்லாத இடத்தில் ஏறிக்கொள்ளலாம், ஆள் தெரிந்தால் இறங்கி நடக்க வேண்டும். "ஒருத்தராச்சும் எங்கிட்டக் குத்தம் சொன்னா இதோட செரி. அப்புறம் உங்கண்ணன் வந்தாத்தான் போகோணும்!"

விடிந்ததும் கிளம்பினார்கள். பருத்திக்காட்டு ஓரமாகக் காற்று முகத்தில் அடிக்க, பூவாத்தாளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தோட்டம் வந்தது. ஏறு, இறங்கு, நட, மறுபடி ஏறு. இடுப்பு ஒடிந்துபோனது.

முதல் தோட்டத்திலேயே ஒரு அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க தம்பி! சைக்கிள் வெச்சுக்கிட்டு அந்தப் புள்ளைய நடக்க உட்டுப்போட்டீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

அடுத்த தோட்டத்திலும் அதே பாட்டு. ஆறுச்சாமி என்ன சொல்வான்? எங்கம்மா உத்தரவுங்க என்றா சொல்ல முடியும்? அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பூவாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது தோட்டத்தில் ஒரு பெரியவர் தடத்தை மறித்து நின்றே விட்டார். "நீ ஏறு அம்மணி, அப்புறம்தான் உங்களை உடுவேன்." மோரும் கொடுத்து ஏற்றிவிட்டார். அதற்குப்பின் அவள் இறங்கவே இல்லை.

பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அடடா, வேலமுள்! டயர் புஸ்ஸென்று போனது. எதிரே தடம் இரண்டாகப் பிரிந்தது. ஆறுச்சாமி பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"திரும்பிப் பல்லடமே போயிரலாம் பூவா. எந்தத் தடம்னே எனக்குத் தெரியல."

இத்தனை தூரம் வந்துவிட்டு அம்மா முகத்தைப் பார்க்காமல் திரும்புவதா? அவளுக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும் வந்தது. கூண்டு வண்டியில் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து போனவளுக்கும் தடம் தெரியாதுதான். ஆனால் வாய் இருக்கிறதே!

"நீங்க தள்ளிக்கிட்டு வாங்க. நான் முன்னால போய்க் கேட்டுக்கறேன்."

ஒரு தோட்டத்தில் புளியமரத்துக்குக் கிழக்கே என்றார்கள். இன்னொன்றில் இடிந்த கிணற்றைத் தாண்டி வலதுகைப் பக்கம் என்றார்கள். கேட்டதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டே விறுவிறென்று நடந்தாள். பின்னால் ஆறுச்சாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

பொழுது சாய்கிற நேரம் அம்மா வாசலில் நின்றாள். மகளைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல வந்த நிமிசமே அழ ஆரம்பித்தாள். "இனி எப்பக் கண்ணு வருவே? உங்கண்ணனுக்கு எப்ப வேலை ஒழியுமோ!"

"அண்ணன் எதுக்குங்கம்மா? தடம் எனக்கே தெரிஞ்சுபோச்சு. மாசி பொறந்ததும் நானே நடந்து வாரேன்."

"ஐயோ, உங்க மாமியா ஒத்துக்குவாங்களா?"

"சைக்கிள்ல போறதுக்குத்தானுங்க அவங்க குதிச்சாங்க. நடக்கச் சொன்னதே அவங்கதான்!"