பாட்டுக்கு ஆகாத பேச்சு

"காதல் பல்லவி மாதிரி, திரும்பத் திரும்ப அதே வரிதான். கல்யாணம் சரணம். ஒவ்வொரு தடவையும் புதுசா வார்த்தை தேடணும்." ரேடியோவில் யார் பேட்டி எடுத்தாலும், பாட்டெழுதிப் பாடும் ராய்ஸ் டிட்வெல் இதைச் சொல்லிவிடுவான். டென்னஸியில் பாதிப்பேர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அவன் மனைவி நெல்டா மட்டும் ரேடியோவை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள்.

அவனுக்குப் புது வார்த்தை கிடைத்ததெல்லாம் அவள் வாயிலிருந்துதான். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்ட சமயம், படுக்கையில் அவன் தோளில் முகம் புதைத்துக்கொண்டு, "தொட்டிலை யாருக்கும் குடுத்துடாத ராய்ஸ். துவைச்ச துணியையாவது அதுல போட்டு வைக்கிறேன்" என்றாள். அடுத்த கோடைக்குள் அது பாட்டாகி, போகிற வருகிற வண்டிகளிலெல்லாம் ஒலித்தது. அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஒரே பாட்டு. மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த பெண் தக்காளியை எடை போட்டபடியே அதை முணுமுணுத்தாள்.

"உங்களைப் பத்தித்தானாமே அக்கா? குடுத்து வச்சவங்க."

நெல்டா தக்காளியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அவனோடு சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. பால் தீர்ந்துபோச்சு. வண்டிக்கு ஆயில் மாத்தணும். மழை வரும்போல இருக்கு. பாட்டுக்கு ஆகாத பேச்சாகப் பொறுக்கியெடுத்துப் பேசினாள், வருஷக்கணக்காக. வைராக்கியம் என்றால் அப்படியொரு வைராக்கியம். ராய்ஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அவள் வந்த கொஞ்ச நேரம் கழித்து அவன் வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்தபோது, நெல்டா தன் அக்காவோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாதிரியார் நரகத்தைப் பத்திப் பேசப் பேச அவர் பொண்டாட்டி தூங்கிட்டா. அவளுக்கு அது பழகின இடம்போல."

அவனைப் பார்த்ததும் குரல் சுருங்கியது. போனை வைத்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் உயிரோடிருக்கிறது, ஆனால் அவனுக்கு இல்லை.

"அக்கா வீட்டுல ஒரு ரூம் காலியாயிருக்காம். வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வர்றா" என்றாள், பால் தீர்ந்ததைச் சொல்கிற அதே குரலில்.

"போகாத கண்ணு. ஒரே ஒரு தடவை எங்கிட்டயும் மனசு விட்டுப் பேசு. சத்தியமா எழுத மாட்டேன். வேணும்னா கிட்டாரை இப்பவே வித்துடறேன்."

"கிட்டார் என்ன பண்ணுச்சு, பாவம்" என்றாள். பிறகு சாப்பாட்டு மேசையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "சரி, பேசறேன். நீ வெறுமனே கேட்டா போதும். நீ கேட்டுட்டா நான் போகல."

அவன் தலையசைத்தான்.

"நான் அழுதா ஓடி வர்றே. கட்டிப் பிடிச்சுக்கறே. நல்ல புருஷன்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா என்னைத் தேத்த வந்தியா, நான் என்ன சொல்லப்போறேன்னு கேக்க வந்தியான்னு எனக்குத் தெரியல. அதனால அழறதையே விட்டுட்டேன்." "வீட்டுச் சாவி ஒண்ணுதான் ராய்ஸ். நாம இருக்கறதென்னவோ ரெண்டு வீட்டுல."

ராய்ஸ் அழுதான். அதில் நடிப்பே இல்லை. பேனாவைத் தேடவில்லை, மனதில் குறித்துக்கொள்ளவும் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவளை அவளுக்காகவே கேட்கிறோம் என்று நினைத்தான். அந்த நினைப்பே அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நெல்டா மேசையைப் பார்த்தாள். அவனுடைய இடது கைவிரல்கள் மேசை விளிம்பில், அங்கே இல்லாத கிட்டார் கம்பிகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தன. அது அவனுக்கே தெரியாது. அவள் தன் கையை அந்த விரல்கள்மேல் மெதுவாக வைத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"எந்த சுருதி?" என்று கேட்டாள்.

"ஜி மேஜர்" என்றான் ராய்ஸ், யோசிக்காமலேயே.